விதிவிலக்கை எப்போது கேட்பது? ஆகுர்டியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஒரு நகரத்தின் கட்டட ஒழுங்கை அறிய அதன் விதிநூலைப் படித்தால் மட்டும் போதாது. அந்நகரம் தன் விதிகளுக்கு எவ்வாறு விலக்கு அளிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். யாருக்கு, எப்போது, எக்காரணத்தால், யார் முன்னிலையில் விலக்கு அளிக்கப்படுகிறது என்ற நான்கு வினாக்களுக்கு விடை தெரிந்தால் அந்நகரத்தின் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நகரத் திட்டமிடலைப் பயிலும் நம் மாணவர்கள் தளப்பரப்புக் குறியீட்டையும் பக்கத் திறவிடங்களையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். விதித்தளர்வு என்னும் இயலை மட்டும் பாடத்திட்டத்தின் பிற்சேர்க்கைபோலக் கடந்துவிடுகிறோம். அந்தப் பிற்சேர்க்கையே பல நகரங்களில் முதன்மைப் பாடமாகிவிட்டது என்பதற்கு ஆகுர்டியும் அதைச் சூழ்ந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியும் சான்று.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனேயின் வடமேற்கே தொழிற்சாலைகள் பெருகியபோது, அங்கு வேலைக்கு வந்தோர்க்கு வீட்டுமனை அளிக்கும் நோக்கத்துடன் 1972இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நவநகர் வளர்ச்சி ஆணையம் தோற்றுவிக்கப்பட்டது. ஊர் வழக்கில் அது ‘பிராதிகரண்’. ஆகுர்டி, நிக்டி, சிக்லி, போசரி முதலிய ஊர்களின் வேளாண் நிலங்கள் இதற்கெனக் குறிக்கப்பட்டன. செக்டர் செக்டராக மனைகள் பிரிக்கப்பட்டு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆனால் தொழிலாளர் வந்து சேர்ந்த வேகத்துக்கும் மனை கிடைத்த வேகத்துக்கும் பொருத்தமே இல்லை. அந்த இடைவெளியில் தோன்றியதே ‘குண்டேவாரி’. ஒரு குண்டா என்பது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 1,089 சதுர அடி. உழவர் தம் நிலத்தைக் குண்டா குண்டாகக் கூறுபோட்டு விற்றார். தொழிலாளி வாங்கி வீடு கட்டினார். அம்மனைகளில் பல, திட்ட வரைபடத்தில் வேறொரு பயனுக்கென ஒதுக்கப்பட்டவை. அங்கே கட்டட அனுமதி கேட்டாலும் கிடைத்திராது. ஆகவே எவரும் கேட்கவில்லை.

இப்படி எழுந்த அனுமதியற்ற கட்டடங்கள் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் ஏறத்தாழ 66,000 என்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவந்த கணக்கு. இவற்றுக்குச் சொத்து வரியின் இரு மடங்கு தண்டத்தொகை விதிக்கும் பிரிவு, 267-ஏ என்ற எண்ணுடன் மாநகராட்சிச் சட்டத்தில் 2008இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதைச் ‘சாஸ்தி கர்’ என்றனர். தண்டம் கட்டியதாலேயே கட்டடம் முறையானதாகிவிடாது என்று அப்பிரிவே சொல்கிறது. வீட்டை ஏற்கவும் மாட்டோம், இடிக்கவும் மாட்டோம், ஆண்டுதோறும் தண்டம் மட்டும் பெறுவோம் என்ற இந்த நடுநிலை, தேர்தல் மேடைகளில் நீண்ட காலம் வாக்குறுதியாக உலவிவிட்டு, 2023இல் தள்ளுபடியாக முடிந்தது. இடையில், 2012 முதல் 2014 வரை ஆணையராக இருந்த ஸ்ரீகர் பர்தேசி அனுமதியற்ற கட்டடங்களை இடிப்பதில் முனைப்புக் காட்டினார். தம் பதவிக்காலம் நிறைவுறும் முன்பே மாற்றப்பட்டார். பின்னர்ச் சீதாராம் குண்டே தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, மகாராட்டிர வட்டார மற்றும் நகரத் திட்டமிடல் சட்டத்தில் 2017இல் 52-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2015 திசம்பர் 31 வரை எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அது வழிசெய்தது.

தமிழ்நாட்டவர்க்கு இக்கதை புதிதன்று. நம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. அதன்கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட 62 விலக்காணைகள் உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டபோது, 2000இல் நீதிமன்றம் அதிகாரத்தைச் செல்லும் என ஏற்றது. அது பயன்படுத்தப்பட்ட விதத்தைக் கடுமையாகச் சாடியது. 1998இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு ஒருமுறை நடவடிக்கை என்று சொல்லப்பட்டது. காலவரம்புகள் நீண்டன; 2012இல் 113-சி பிறந்தது. தியாகராய நகரின் கடைத்தெருக்களில் நடந்த எவர்க்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விதிவிலக்கு என்பது தன்னளவில் தீமையன்று. எந்தத் திட்டத்துக்கும் அது தேவை. முக்கோண வடிவில் அமைந்த மனை, நடுவே ஓடை செல்லும் மனை, சாலை விரிவாக்கத்தில் பாதியை இழந்த மனை ஆகியவற்றுக்குப் பொதுவிதியை அப்படியே பொருத்தினால் அது நீதியாகாது. அமெரிக்க நகரங்கள் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்தன. 1916இல் நியூயார்க் நகரம் மண்டலப் பகுப்பு விதிகளை இயற்றியது. 1920களில் அந்நாட்டு வணிகத் துறை மாநிலங்களுக்கென வெளியிட்ட மாதிரிச் சட்டம், விதிவிலக்கு மனுக்களை விசாரிக்கத் தனி வாரியம் ஒன்றை அமைக்கச் சொன்னது. விதியை எழுத்துப்படி நிறைவேற்றினால் மனைக்காரருக்குத் தேவையற்ற இடர் விளையும் என்பதை அவ்வாரியத்தின் முன் நிறுவ வேண்டும். விசாரணை பொதுவெளியில் நடைபெற வேண்டும். மனுதாரர் தாமே வரவழைத்துக்கொண்ட இடர் கணக்கில் கொள்ளப்படாது என்பது அங்கு வேரூன்றிய நெறி.

நம்மிடமும் இதே கருத்து சட்டத்தில் இருக்கிறது. 2020 திசம்பரில் மகாராட்டிரத்தின் பெரும்பகுதிக்கு நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள், தெளிவாக எடுத்துக்காட்டத்தக்க இடர் இருக்குமாயின் அளவுகளைத் தளர்த்தும் விருப்புரிமையை அதிகாரிக்கு அளிக்கின்றன. உடல்நலம், தீப்பாதுகாப்பு, கட்டமைப்பு உறுதி, அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பு ஆகியவை கெடக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. சொல் அளவில் அமெரிக்க நெறிக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை நடைமுறையில் இருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டாருக்கு அறிவிப்புச் செல்கிறது. அவர் வந்து எதிர்த்துப் பேசலாம். இங்கே கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து ஒப்பம் பெறுகிறது. அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பை ஆராயுமாறு சொல்லும் விதி, அந்த அக்கம்பக்கத்தாரிடம் ஒரு சொல் கேட்குமாறு சொல்வதில்லை.

சட்டத்தின் ஏனைய பிரிவுகளும் இதே சாய்வு உடையன. 44ஆம் பிரிவின்கீழ் மனு, 45இன்கீழ் முடிவு, 60 நாள்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிடில், விதிகளுக்கு இணங்கிய மனுவாயின், அனுமதி கிடைத்ததாகக் கருதப்படும். மறுக்கப்பட்டால் 47ஆம் பிரிவின்படி 40 நாள்களுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அவ்வுரிமை மனுதாரருக்கு மட்டுமே. தவறாக வழங்கப்பட்ட அனுமதியால் வெளிச்சமும் காற்றும் இழந்த அண்டைவீட்டார் உயர் நீதிமன்றத்தின் படியைத்தான் ஏற வேண்டும். மற்றொரு பக்கம், அனுமதியின்றிக் கட்டியவருக்கு 53ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தால், கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கோரி அவர் மனுச் செய்யலாம். கட்டுவதற்கு முன் விலக்குக் கேட்பவருக்கு வழி குறுகலாகவும், கட்டிய பின் கேட்பவருக்கு அகலமாகவும் இருந்தால், மக்கள் எவ்வழியே செல்வர்?

என் வாதம் இதுதான்: விதிவிலக்கு முன்கூட்டியே, தனித்தனியாக, காரணம் காட்டி, அயலார் அறிய வழங்கப்பட வேண்டும். பின்னர், மொத்தமாக, கட்டணம் பெற்று, வெட்டுநாள் குறித்து வழங்கப்படுவது திட்டமிடல் ஆகாது. அது கணக்குத் தீர்த்தல்.

கணக்குத் தீர்க்கும் வழக்கம் சில இடங்களில் செல்லுபடியாகாது என்பதை இந்திராயணி ஆறு காட்டிவிட்டது. சிக்லியில் அவ்வாற்றின் நீலக்கோட்டுக்குள், அதாவது 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லைக்குள், எழுப்பப்பட்டிருந்த 36 பங்களாக்களை இடிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2024 சூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்த பின், 2025 மே 17 அன்று மாநகராட்சி அவற்றைத் தரைமட்டமாக்கியது. ஆறு வெட்டுநாள் பார்ப்பதில்லை; ஆகவே அத்தீர்ப்பு சரியானதே. ஆயினும் அவ்வீடுகள் ஓரிரவில் முளைத்தவை அல்ல. கடைக்கால் தோண்டிய நாளிலோ, மனை விற்பனைக்கு வந்த நாளிலோ நீலக்கோட்டைக் காட்டித் தடுத்திருந்தால் அது ஒரு தாள் அறிவிப்போடு முடிந்திருக்கும். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறார். மின்வாரியம் இணைப்புத் தருகிறது. மாநகராட்சி வரி பெறுகிறது. இம்மூன்றையும் அரசின் ஒப்புதலாகவே சாதாரண மனிதர் புரிந்துகொள்கிறார். இம்மூன்றுமே கட்டட அனுமதி ஆகா என்பதை அவர் இடிப்பு அறிவிப்பின் வாயிலாகத்தான் கற்க வேண்டுமா? 2024 திசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், காலம் கடந்தது என்பதால் மட்டும் சட்டவிரோதக் கட்டடம் முறையாகிவிடாது என்று உறுதிசெய்ததுடன், ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் காட்சிக்கு வைக்கவும், நிறைவுச் சான்று கண்ட பின்பே மின்சார, குடிநீர் இணைப்புகளை வழங்கவும் பணித்தது. அயலார் அறிய வேண்டும் என்னும் நெறி இவ்வாறு பின்வாசல் வழியே நுழைந்துள்ளது. அதை முன்வாசல் வழியே அழைப்பது நம் கடமை.

இதற்கு எழும் எதிர்வாதம் வலியது, அதை மறைக்கக்கூடாது. அண்டைவீட்டாருக்குச் சொல்லுரிமை தந்தால் அவர்கள் புதியவர்களைத் தடுப்பார்கள் என்பது அது. அமெரிக்க அனுபவம் அதையே சொல்கிறது: சொந்த வீட்டுக்காரர்கள் பொது விசாரணைகளைப் பயன்படுத்திக் குறைந்த வாடகைக் குடியிருப்புகளைத் தடுத்துள்ளனர், மண்டலப் பகுப்பு இன, வகுப்புப் பிரிவினைக்குக் கருவியானதும் உண்டு. சாதியும் மதமும் உணவுப் பழக்கமும் வாடகை வீட்டின் கதவைத் தீர்மானிக்கும் நம் நாட்டில் இந்த அச்சம் இன்னும் பெரிது. எனவே அயலாருக்கு மறுப்பாணை அதிகாரம் தரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிவிப்பு, கருத்துரைக்க 15 நாள், எழுத்து வடிவில் காரணம், அக்காரணத்தை எவரும் படிக்க இணையத்தில் வெளியிடல் என்ற நான்கு போதும். வெளிச்சம், காற்று, தீயணைப்பு வண்டி நுழையும் வழி, வெள்ள நீர் வடியும் பாதை ஆகிய பொருள்களில் மட்டுமே ஆட்சேபனை ஏற்கப்பட வேண்டும். குடிவருவோர் யார் என்பது பொருளாகவே கூடாது.

மற்றொரு மாற்றமும் தேவை. தாமே வரவழைத்த இடருக்கு விலக்கில்லை என்னும் நெறியை ஆகுர்டிக்கு அப்படியே பொருத்தினால் அநீதியாகும். ஆற்றங்கரையில் பங்களா கட்டியவரின் இடரும், தொழிலாளர் குடியிருப்புக்கென அறிவிக்கப்பட்ட திட்டத்தில் மனை கிடைக்காமல் ஒரு குண்டா வாங்கிய தொழிலாளியின் இடரும் ஒன்றல்ல. பின்னதை வரவழைத்ததில் அரசுக்கும் பங்குண்டு. இடரை ஆராயும் அதிகாரி, அதை உண்டாக்கியவர் யார் என்றும் கேட்க வேண்டும். மொத்த வரன்முறை இவ்வேறுபாட்டை அறியாது. தனித்தனி விசாரணையால் மட்டுமே அறிய முடியும். வரைபடத்தை அளந்து பார்க்க இன்று மென்பொருள் வந்துவிட்டது. திறவிடத்தில் எத்தனை மீட்டர் குறைகிறது என்பதை அது நொடியில் சொல்லும். அது ஏன் குறைகிறது என்பதை மனிதர்தாம் கேட்டறிய வேண்டும்.

கேட்கும் அமைப்புகளின் நிலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2021இல் பிராதிகரண் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்புகள் மாநகராட்சிக்கும் புனே பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்துக்கும் பிரித்தளிக்கப்பட்டன. ஆகுர்டி தொடர்வண்டி நிலையத்தருகே உள்ள கட்டடத்தில் இன்று அவ்வாணையம் இயங்குகிறது. அது 2021இல் வெளியிட்ட வரைவு வளர்ச்சித் திட்டத்துக்கு 60,000க்கும் மேற்பட்ட ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் வந்தன. 2025இல் மாநில அரசு அவ்வரைவையே கைவிட்டது. மாநகராட்சியோ தன் வரைவுத் திட்டத்தை 2025 மே மாதத்தில் வெளியிட்டது. 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து அது நிர்வாகியின் ஆட்சியில் இருந்தது. ஆட்சேபனைகளைக் கேட்கும் திட்டக் குழுவில் நிலைக்குழு உறுப்பினர் மூவர் இருக்க வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்வதன் கருத்து, வாக்களித்தவர்க்கு விடைசொல்லக் கடமைப்பட்ட சிலரேனும் அந்த மேசையில் அமர வேண்டும் என்பதே. மன்றமே இல்லாத காலத்தில் அக்கருத்து பொருளிழக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிப்புகளைப் பற்றிய ஆய்வேடுகள் நம்மிடம் உள்ளன. விலக்குகளைப் பற்றிய ஆய்வுகள் அரிது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மாநகராட்சியின் ஓராண்டு விதித்தளர்வு ஆணைகளைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வோர் ஆணையிலும் மனையின் பரப்பு, தளர்த்தப்பட்ட அளவு, காட்டப்பட்ட காரணம், பெறப்பட்ட கட்டணம் ஆகியவற்றை அட்டவணையிடுங்கள். காரணம் என்ற பத்தி எத்தனை வரிசைகளில் வெறுமையாக இருக்கிறது என்று எண்ணுங்கள். புனேயிலோ சென்னையிலோ கோவையிலோ எவரேனும் இதைத் தொடங்கினால், அட்டவணை அமைப்பதிலும் சட்டப் பிரிவுகளை விளக்குவதிலும் என்னால் இயன்றதைச் செய்வேன்.