இரண்டு இடத்திலும் காணோம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அன்று நான் எடுத்த படங்கள் வீட்டு சர்வரிலும் கூகுள் டிரைவிலும் இருந்தன. ‘ஆர்குளோன் பைசிங்க்’ என்ற மென்பொருள் இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருந்தது. இரட்டைப் பூட்டு என்று நினைத்தேன்.

போன மாதம் ‘இடம் இல்லை’ என்று செல்போன் கத்தியது. டிரைவில் அந்தப் படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்தேன். ராத்திரிக்குள் வீட்டு டிஸ்க்கிலும் அது காலி. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்தது. பாதிக்கு மேல் கோப்புகள் அழிந்திருந்தால் பைசிங்க் வேலையை நிறுத்திவிடும். என் ஃபோல்டரோ அவ்வளவு பெரிதில்லை, சத்தமில்லாமல் போய்விட்டது. டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும் என்பதால் பிழைத்தேன். கவனித்தது 26-ஆம் நாள்!

சிங்க் என்பது கண்ணாடி. பேக்கப் வேறு. இப்போது மூன்றாவது டிஸ்க் ஒன்று நெல்லிக்குப்பத்தில் மச்சான் வீட்டு பீரோவில், எதிலும் செருகாமல் கிடக்கிறது. மாதம் ஒருமுறை மட்டும் எடுத்து நகல் போடுகிறேன். கல்யாண ஆல்பம் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்களே, உங்கள் மூன்றாவது நகல் எங்கே இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள்.