ஆயாவுக்கு மாத்திரை சரி, அக்காவுக்கு லீவு?

எங்கள் கல்லாவியில் எதிர்வீட்டு அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. காரணம், அவருடைய மாமியார். நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். ஆயாவுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "எங்க ஊட்டுக்குப் போவணும்" என்று சொந்த வீட்டுத் தாழ்ப்பாளையே ஆட்டுவார். அக்காவின் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவருக்கு வாரம் ஒருநாள் லீவு உண்டு. அக்காவுக்கு?

"பெத்தவங்களைப் பாக்கறது கடமை, அதுக்கெல்லாமா லீவு?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நண்பா, கடமை மகனுடையது என்றால் ராத்திரி கண்விழிப்பது ஏன் மருமகள்? பண்பாடு பேசுவது ஊர், சுமப்பது ஒருத்தி!

சட்டமும் இப்படித்தான். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நியாயம்தான். ஆனால் கைவிடாமல் பார்த்துக்கொள்பவருக்கு அதில் ஒரு மணி நேர ஓய்வுகூடக் கிடையாது.

2023-ல் வெளியான ஓர் ஆய்வு, 60 வயது தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகமாம். ஆனால் இதற்கென்று நடக்கும் பராமரிப்பு மையங்களைத் தேடினால் பெங்களூர், சென்னை என்றுதான் போக வேண்டியிருக்கிறது. ஆயாவை பஸ்ஸில் ஏற்றி ஊத்தங்கரை போவதே பெரும்பாடு!

ஜெர்மனியில் 1995-லிருந்து பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. வீட்டில் பார்ப்பவர் லீவு எடுத்தால், மாற்று ஆளுக்கான செலவை ஒரு வரம்பு வரை அது கொடுக்கிறது. அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, நம் மாவட்டத்துக்கே வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரையை வாசல்வரை கொண்டுவர முடிந்த அரசால், பயிற்சி பெற்ற ஓர் ஆளை வாரத்துக்கு நான்கு மணி நேரம் அனுப்ப முடியாதா? ஒன்றியத்துக்கு ஒரு பகல் காப்பகம் வைக்க முடியாதா? பிள்ளைகளைப் பார்க்க ஊர் ஊராக அங்கன்வாடி வைத்த நாடுதானே இது? மறதி நோயைக் குணமாக்க மருந்தில்லை. அதைப் பார்க்கிறவரின் களைப்புக்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயாவோடு இரண்டு மணி நேரம் நான் உட்கார்ந்திருந்தேன். "எங்கயாவது போய்ட்டு வாங்கக்கா" என்றேன். அக்கா எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, பாய்கூட விரிக்காமல் படுத்துத் தூங்கிவிட்டார்.