முழங்காலுக்கு எட்டு, காப்பிக் கடைக்குப் பத்து

பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியலுக்கு மூடுவிழா நடத்தியாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரையை எந்த இதழில் வெளியிட்டால் செல்லும் என்று 2019 முதல் சொல்லிவந்த பட்டியலை 2025 பிப்ரவரியில் டெல்லி கைகழுவியது. இதழ்களின் தரத்தை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளட்டுமாம். மேலிடம் சில அளவுகோல்களை மட்டும் பரிந்துரைக்குமாம். பட்டியலில் குறை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காவல்காரன் தூங்குகிறான் என்றால் எழுப்ப வேண்டும், இல்லை ஆளை மாற்ற வேண்டும். இவர்கள் காவலையே எடுத்துவிட்டு, ஆசிரியர் பதவி உயர்வுக்கான மதிப்பெண் கணக்கை மட்டும் கைவிடவில்லை.

அந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் வேர். மானியக் குழுவின் 2018 விதிகளின் அட்டவணைப்படி, மருத்துவத்திலோ அறிவியலிலோ ஒரு கட்டுரை வெளியிட்டால் 8 மதிப்பெண். மேலாண்மை, வணிகவியல், சமூக அறிவியல் என்றால் 10. மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிறவரின் மூட்டுவலியை ஆராய்ந்தால் எட்டு. பிழைப்புக்காக அல்லாமல் கடலும் கோயிலும் பிடித்துப்போய் இங்கே தங்கி, காப்பிக் கடை திறந்த வெளிநாட்டவரை ஆராய்ந்தால் பத்து. சிற்பியின் முழங்கால் காப்பிக் கடையைவிட இரண்டு மதிப்பெண் மலிவு. 'மேலாண்மை முதல் மருத்துவம் வரை எல்லாத் துறைக் கட்டுரைகளும் வரவேற்கப்படுகின்றன' என்று கட்டண விவரத்தோடு மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களில் இவை இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களிலேயே வரலாம்.

இந்தக் கட்டுரைகள் எப்படித் தயாராகின்றன என்பது பேராசிரியர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஒரு கூகுள் படிவம், நாலு வாட்ஸ்ஆப் குழு, கணினி போட்டுக்கொடுக்கும் அட்டவணை. கேள்வித்தாளைத் தயாரிக்கும் சிரமம்கூட இல்லை. மூட்டுத் தேய்மானத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் வோமாக் கேள்வித்தாள் 1982-இல் கனடாவில் உருவானது. மொத்தம் 24 கேள்விகள். காலுறை மாட்டும்போது கஷ்டமா? குளியல் தொட்டியில் இறங்கி ஏறும்போது? காரில் ஏறி இறங்கும்போது?

ஐந்து ரதம் போகிற சாலையில் ஒரு பட்டறை வாசலில் நின்று பாருங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, மறு பாதத்தால் கல்லை அணைத்துக்கொண்டு, இடக்கையில் உளியும் வலக்கையில் சுத்தியுமாகக் கொத்துகிறார் ஒருவர். ஒவ்வொரு அடியும் இடக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டில் போய் விழுகிறது. மாலையில் எழும்போது பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். அவரிடம் காலுறையைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் கேட்டால் என்ன சொல்வார்? கஷ்டமே இல்லை என்பார். இரண்டும் அவர் வீட்டில் கிடையாது. சிற்பிகளின் முழங்கால் பரவாயில்லை என்று கட்டுரை முடியும், எட்டு மதிப்பெண் சேரும். அவர் செதுக்கிய கல்லுக்கு 2017-இல் புவிசார் குறியீடு வாங்கிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த மூட்டைச் சரியாகக் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.

வழி தெரியாத விஷயமும் அல்ல. முடக்குவாதத்துக்கான அமெரிக்கக் கேள்வித்தாளில் குந்தி உட்காருவதையும் சம்மணமிடுவதையும் சேர்த்து, இந்திய நோயாளிகளிடம் சோதித்து, 2002-லேயே வெளியிட்டார்கள் நம் மருத்துவர்கள். மகாராஷ்டிரத்தின் பிக்வான் கிராமத்தில் அரவிந்த் சோப்ராவின் குழு 1996-இல் வீடு வீடாகப் போய் மூட்டு நோய்களைக் கணக்கெடுத்தது. 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டிலேயே இருக்கிறது. ஆனால் வீடு வீடாக அலைவதற்கும் எட்டு, படிவம் அனுப்புவதற்கும் எட்டு என்றால் யார் அலைவார்கள்?

வெளிநாட்டவரை ஆராயும் பத்து மதிப்பெண் விவகாரமும் இதே லட்சணம்தான். நியூயார்க்கில் பிறந்த ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கினார். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த டெபோரா தியாகராஜன் 1996-இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைத் திறந்தார். ஊர் மாறி வந்து தொழிலோ நிறுவனமோ தொடங்குகிறவர்களால் உள்ளூரில் யார் கைக்கு என்ன வந்தது, நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஆராய இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்றே போதும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஊரில் இருக்க வேண்டும். படிவத்தில் தெரிவது 'திருப்தி, மிகுந்த திருப்தி' மட்டுமே.

ஆராய்ச்சியை இப்படிக் கெடுத்தவர்கள் புதியவர்கள் அல்லர். 2010-இல் கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரும் முறையைக் கொண்டுவந்து போலி இதழ்களுக்குப் பால் வார்த்தவர்கள் இதே மானியக் குழுவினர்தாம். பிறகு அங்கீகரித்த இதழ்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் பல்கலைக்கழகங்கள் சிபாரிசு செய்தவற்றை ஆராய்ந்தவர்கள், 88 விழுக்காட்டுக்கு மேல் தரமற்றவை என்று 2018 மார்ச்சில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே 2-ஆம் தேதி 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. நாலாயிரத்து முந்நூற்று ஐந்து! உள்ளே விட்டது யார் என்று ஒருவரையாவது கேட்டார்களா? 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே எடுத்தார்கள், முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்றார்கள். விரித்த பாயைத் தாங்களே சுருட்டுவதும் மறுபடி விரிப்பதுமாகவே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

பல்கலைக்கழகங்களின் சிபாரிசு எந்த லட்சணத்தில் இருந்தது என்று 2018-லேயே தெரிந்திருந்தும், இப்போது சோதிக்கும் வேலையை அவற்றிடமே ஒப்படைக்கிறார்கள். இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் பலவற்றுக்குத் தாய்வீடான சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. பட்டியல் கைவிடப்பட்ட நாளிலும் அந்த நாற்காலி காலி. துணைவேந்தரே இல்லாமல் கிடந்த இடம், ஆயிரக்கணக்கான இதழ்களைத் தரம் பிரித்துவிடுமா?

புதிய பட்டியலோ, துறை வல்லுநர் குழுவோ, வேறு எதுவோ, பொறுப்பேற்கும் ஓர் ஏற்பாடு உடனே வேண்டும். அதை அமைக்கிறவர்கள் 2010 முதல் செய்த குளறுபடிகளுக்கு முதலில் பதில் சொல்லட்டும். அதுவரை அந்த எட்டையும் பத்தையும் நிறுத்தி வையுங்கள்.