சுக்குப் பற்றுக்கு அடங்காத தலைவலி

செண்பகத்தோப்புக்குப் போய் வருவதென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்வாசிகளுக்குக் குதூகலம்தான். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு பாட்டி முதல் பேரன் வரை கிளம்பிவிடுவார்கள். சாம்பல் நிற அணிலைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். முடிந்தவர்கள் காட்டழகர் சந்நிதிக்கும் ஏறுவார்கள். அங்கே உங்கள் மாமியார் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? "வெயில்தான் அத்தை, கொஞ்சம் படுங்கள்" என்று சொல்லத்தான் தோன்றும்.

வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். இடி இறங்கியதுபோல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, வாந்தி, பிடரி விறைப்பு, வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ துவளுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவு தடுமாறுதல் - இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் போதும், தாமதிக்கக் கூடாது.

உடனே 108-க்குச் சொல்லுங்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காப்பி, சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறிவிடும். ஆஸ்பிரின் தரவே கூடாது. அது கசிவை அதிகமாக்கும். அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கசிவா, அடைப்பா என்பதை ஸி.டி. ஸ்கான்தான் சொல்லும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு விஷம். ஆகையால் ஸ்கான் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரி ஏறக்குறைய 75 கிலோமீட்டர். வீட்டில் யோசித்துக் கழிக்கும் ஒரு மணி நேரம் அந்தத் தூரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

எல்லாக் கசிவும் இடிபோல வருவதில்லை. குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்ட பெரியவர்களுக்கு, சில வாரம் கழித்துக்கூட ரத்தம் கட்டிக்கொள்வதுண்டு. மெதுவாக வரும் தலைவலியும் ஏமாற்றும் என்பதற்கு, 2024 மார்ச்சில் பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தியே சாட்சி. கோவை ஈஷா மையத்தின் ஜக்கி வாசுதேவுக்குச் சுமார் நான்கு வாரமாகத் தலைவலி. அதோடேயே 8-ஆம் தேதி சிவராத்திரி விழாவையும் நடத்தினார். டில்லிக்குப் போன இடத்தில் வலி முற்றியது; ஸ்கானில் ரத்தக்கசிவு தெரிந்தது. 17-ஆம் தேதி நினைவு மங்கி, இடது கால் தளர்ந்தது. அன்றே அப்போலோ ஆஸ்பத்திரியில் தலையில் அறுவைச் சிகிச்சை. 27-ஆம் தேதி வீடு திரும்பினார்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடிப்பதற்கு முதல் காரணம் ரத்தக்கொதிப்பு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அவருடைய கொதிப்பை அடக்க அன்று நல்ல மருந்தே இல்லை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மாத்திரை தருகிறார்கள். "இப்போதுதான் சரியாக இருக்கிறதே" என்று நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து. மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது!

அத்தைக்கும் மாமாவுக்கும் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் சகோதரிகளே, உங்களுக்கு ரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று கடைசியாகப் பார்த்தது எப்போது? இந்த வாரமே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.