நிமெசுலைடு தடை: 100 மில்லிகிராமுக்குக் கீழே எஞ்சும் ஆபத்து

புது தில்லி: வலி நிவாரணியான நிமெசுலைடு 100 மில்லிகிராமுக்கு மேல் உள்ள, உடனடியாகச் செயல்படும் வகை மாத்திரைகளின் தயாரிப்பு, விற்பனை, விநியோகத்துக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2025 டிசம்பர் 29 அன்று தடை விதித்தது.

இம்மருந்துக்கு இது முதல் கட்டுப்பாடு அல்ல. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தருவது 2011-லேயே தடை செய்யப்பட்டது. கல்லீரல் பாதிப்புப் புகார்களை அடுத்து பின்லாந்தும் ஸ்பெயினும் 2002-இல் விற்பனையை நிறுத்தின. அமெரிக்காவில் இது அனுமதி பெறவே இல்லை. இந்தியாவிலோ 100 மி.கி. மாத்திரை இன்னமும் கிடைக்கிறது. அதையே இரண்டாக விழுங்குபவரை அரசாணையால் தடுக்க இயலாது.

சிக்கல் ஒரு மருந்தோடு முடிவதும் இல்லை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதே பொருள்தான். மருந்து ரத்தத்தின் வழியாகவும் இரைப்பையைத் தாக்குவதால், சாப்பிட்ட பின் விழுங்கினால் போதும் என்ற பரவலான நம்பிக்கை பாதி உண்மை மட்டுமே.

பெயர் மாறினால் மருந்தும் வேறு என்று கருதுவதே பெரும் பிழை. மூட்டு வலிக்கு அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையை எடுப்பவர், பல்வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் சேர்த்துக்கொண்டால், அறியாமலேயே இரு வகை மருந்துகளும் இரட்டிப்பாகின்றன. அட்டையில் வணிகப் பெயர் இருக்கும். பார்க்க வேண்டியது அதனுடன் அச்சிடப்பட்டிருக்கும் மூலப்பொருளின் பெயர்.

ரத்த அழுத்த மாத்திரையுடன் சிறுநீர் பெருக்கியும் எடுத்துவரும் முதியவர்களுக்கு, இந்த வலி நிவாரணி மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து குறைந்திருந்தால் ஆபத்து மேலும் கூடும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம். டெங்கு என்ற ஐயம் இருக்கும்வரை, ரத்தக் கசிவு அபாயம் கருதி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது.

மாதவிடாய் வலிக்குப் பலர் தாமாகவே வாங்கும் மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலுடன் தோல் தடிப்பு தோன்றலாம். கருநிற மலம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவையும் இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றில் எது தென்பட்டாலும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, அதன் அட்டையுடன் மருத்துவரை அணுக வேண்டும்.