போனில் பச்சை... தெருவில் புகை!

"போன்ல பார்த்தேன், நம்ம ஏரியாவுல காற்று 'திருப்தி'ன்னு பச்சை காட்டுது. அப்புறம் ஏன் பையன் ராத்திரி பூரா இருமறான்?"

இப்படிக் கேட்கும் அம்மாக்களில் நீங்களும் ஒருவரா? உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறந்தால், ஊர்ப் படத்தில் வண்ணப் புள்ளிகள் தெரியும். தொட்டால் எண் வரும். ஆனால், அந்தப் புள்ளி உங்கள் வீடு அல்ல. கருவி வைத்திருக்கும் இடம். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, கொடுங்கையூர் போன்ற சில இடங்களில்தான் கருவி உண்டு. மற்ற பேட்டைக்காரர்களுக்குப் பக்கத்துப் புள்ளிதான் கதி!

இன்னொன்று, அந்த எண் 24 மணி நேரச் சராசரி. ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் குப்பையைக் கொளுத்தினால், அந்தப் புகை சராசரியில் காணாமல் போய்விடும். பிள்ளையின் மூச்சுக்குழாயில் போகுமா?

'திருப்தி' என்பதையும் கொஞ்சம் பாருங்கள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நம் கணக்கில் 'திருப்தி'தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஒரு நாள் அளவோ வெறும் 15!

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் வாக்கிங் கிளம்புமுன் அவசியம் பாருங்கள். எண் 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெளியே மூச்சு வாங்கும் வேலைகளைக் குறைக்கட்டும். 200-ஐத் தாண்டினால் எல்லோருமே!

ஆனால், புகை எங்கிருந்து வருகிறது என்று புள்ளி சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். குப்பை எரிக்கும் மூலை, டீசல் ஜெனரேட்டர், கட்டட வேலைத் தூசு... எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பையன் இருமும் நேரத்தையும் எழுதுங்கள். வீட்டுக்குள் ஏற்றும் கொசுவர்த்தியையும் விட்டுவிடாதீர்கள்!

அந்தத் தாள் உங்கள் டாக்டருக்கும் உதவும். சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யும்போதும் உதவும். 'ஒரே புகைங்க' என்றால் யாரும் அசைய மாட்டார்கள். நாளும் நேரமும் இடமும் சொன்னால், தட்டிக் கழிப்பது கஷ்டம்.

'நமக்கெதுக்கு வம்பு?' என்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோமே, சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகவும் புகை வரத்தானே செய்கிறது?