வெட்டத் தெரிந்தவர்

கர்நாடக இசையில் ஊறிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அன்ட்றூ வெதரோல் என்ற ஆங்கிலேயரை நான் முப்பது வருடங்களாக வியந்து கேட்டு வருகிறேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தோன்றியது. "அவர் என்ன பாடுபவரா?" "இல்லை." "வாத்தியம்?" "பெரிதாக இல்லை." "பின்னே?" "மற்றவர்களின் இசைத்தட்டுகளைத் தேர்ந்து சுழலவிடுபவர். மற்றவர்களின் பாட்டுகளைப் பிரித்து மீண்டும் கோப்பவர்." நண்பர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தேநீரை ஊதிக் குடித்தார்.

அவருக்கு அன்று சொல்லத் தவறியதையே இங்கே எழுதுகிறேன்.

பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்த என் மச்சான் ஓர் ஒலிநாடாவை அனுப்பியிருந்தான். பிறைமல் ஸ்கிறீம் என்ற ஸ்கொட்லாந்துக் குழுவினர் 1991 இல் வெளியிட்ட 'ஸ்கிறீமடெலிக்கா'. மின்சாரம் நின்றுபோன இரவொன்றில், பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்து, விடுதி அறையில் நாலு பேர் கேட்டோம். மற்ற மூவரும் உறங்கிவிட்டனர். நான் நாடாவைத் திருப்பிப் போட்டேன்.

அந்தத் தொகுப்பின் பெரும்பகுதியை, ஹியூகோ நிக்கல்சன் என்ற ஒலிப்பொறியாளரின் துணையோடு உருவாக்கியவர் வெதரோல். அவர் இசைக்கூடத்தில் வளர்ந்தவர் அல்லர். 1963 இல் வின்ட்சரில் பிறந்தவர். 1986 இல் நண்பர்களோடு சேர்ந்து 'போய்ஸ் ஓன்' என்ற சிறு பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். காற்பந்து, உடை, இசை, ஊர்வம்பு எல்லாம் அதில் இருந்தன. 'வெளியாள்' எனப் பொருள்படும் புனைபெயரில் அவர் அதில் எழுதினார். எங்கள் சாதிக்காரர் என்று நான் உரிமை கொண்டாடுவது இதனால்தான். ஷூம் என்ற லண்டன் நடன விடுதியை நடத்திய டனி றம்ப்லிங் அவரை இசைத்தட்டுச் சுழற்ற அழைத்தது அதன் பின்னரே.

இனி 'லோடட்' கதைக்கு வருவோம். பிறைமல் ஸ்கிறீம் குழுவினர் 1989 இல் பாடிய, காதலை இழந்தவனின் மெதுவான சோகப்பாட்டு ஒன்றை மறுகலவை செய்யும்படி வெதரோலிடம் கொடுத்தனர். அவருக்கோ அனுபவம் மிகக் குறைவு. முதல் முயற்சியில் மூலத்தைத் தொட அஞ்சி, ஓரங்களை மட்டும் தட்டிக் கொடுத்தார். கேட்ட கிற்றார் கலைஞர் அன்ட்றூ இன்னெஸ், மரியாதையெல்லாம் வேண்டாம், பாட்டை அடித்து நொறுக்கு என்ற பொருள்படச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை அவர் நொறுக்கினார். பாட்டின் பெரும்பகுதி போயிற்று. பின்பகுதியில் ஒதுங்கிக் கிடந்த ஊதுகுழல்கள் நடுவீட்டுக்கு வந்தன. பீற்றர் ஃபொண்டா 1966 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் பேசிய வசனம் முகப்பில் அமர்ந்தது. 1990 இல் அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 16 ஆம் இடத்தைப் பிடித்தது.

இதிலும் துணிச்சலான காரியம் ஒன்று உண்டு. 'கம் ருகெதர்' என்ற பாட்டின் அவரது வடிவத்தில் பாடகர் பொபி கிலெஸ்பியின் குரலே இல்லை. அதற்குப் பதிலாக, 1972 இல் ஜெஸி ஜக்சன் ஒரு பெருங்கூட்டத்தின் முன் ஆற்றிய உரையின் துண்டு ஒலிக்கிறது. தன் குழுவின் தொகுப்பில் தன் குரல் நீக்கப்பட்ட பாட்டு இடம்பெறுவதற்குப் பாடகர் இணங்கினார். வெட்டியவரை எல்லோரும் புகழ்கின்றனர். வெட்ட விட்டவரையும் கொஞ்சம் நினைக்கவேண்டாமா? அந்தத் தொகுப்பு 1992 இல் முதலாவது மேர்க்குரிப் பரிசைப் பெற்றது.

'சென்ற் எற்றியன்' குழுவுக்கு அவர் செய்து கொடுத்த மறுகலவையை என் நண்பர் ஒருமுறையாவது கேட்கவேண்டும். நீல் யங்கின் பழைய பாட்டு அது. முதற் பாதியில் யமேக்காவின் டப் இசைபோல அடித்தந்தியும் மெலோடிக்காவும் மட்டும் அலைகின்றன. பாடுபவர் எங்கே என்று நாம் பொறுமையிழக்கும் வேளையில்தான் குரல் வருகிறது. ஆலாபனையின் அருமை தெரிந்தவருக்கு இதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

அந்த வெற்றிக்குப் பின் பெரிய அரங்கும் பெரிய பணமும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவர் சிறிய இடங்களுக்கே திரும்பினார். 'சேபர்ஸ் ஒஃப் பரடைஸ்', பின்னர் கீத் ரெனிஸ்வூட்டுடன் 'ரூ லோன் சோட்ஸ்மென்' என்று பெயர்களும் மாறின, ஓசையும் மாறியது. இரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ்ந்துவிட முடியாது. நடுக்காலத்து இறுவட்டுகள் சிலவற்றில் மேளம் வறண்டு ஓடுகிறது. நானே முழுதாகக் கேட்டு முடிக்காதவை உண்டு. ஆனால், 2010 இல் ஷோன் ஜோன்ஸ்ரனுடன் தொடங்கிய நடன இரவில், நிமிடத்துக்கு 122 தாளத்துக்கு மேல் போவதில்லை என்று ஒரு விதி வைத்தாரே, அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. ஐம்பதைத் தொட்டவர்களும் ஆடவேண்டும் அல்லவா! 2020 பெப்ரவரி 17 இல், நுரையீரலில் இரத்தம் உறைந்து, 56 ஆவது வயதில் காலமானார்.

அடுத்தவர் பொருளைக் கோப்பதும் கலையா என்று கேட்பவர்களுக்கு அகநானூறு கையில் இருக்கிறது. அதைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். புறநானூற்றைத் தொகுத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஆனால் என்னைப் பொறுத்தவரையில் இது இலக்கிய விவாதம் மட்டுமன்று. ஞாயிறு இதழொன்றில் நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, என் மதிப்புக்குரிய முதியவர் ஒருவர், மறைந்த நாடகக் கலைஞரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று தந்தார். முதல் பத்துப் பந்திகளும் பட்டங்களும் பாராட்டுகளும். பதினோராம் பந்தியில், அரங்கேற்றத்துக்குப் பணம் போதாமல் அந்தக் கலைஞர் மனைவியின் தையல் இயந்திரத்தை விற்றதும், அந்த அம்மா முதல் வரிசையில் இருந்து நாடகம் பார்த்ததும் இருந்தன. அதை மேலே கொண்டுவந்து மிச்சத்தை வெட்டியிருக்கவேண்டும். எனக்கு 'லோடட்' மனப்பாடம். ஆனாலும் கை வரவில்லை. காற்புள்ளிகளைத் திருத்திவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். ஒருவர்கூட அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. யாரும் ஏதாவது எழுதினார்களா என்று முதியவர் இரண்டு வாரம் தொலைபேசியில் கேட்டார். பிறகு கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை.

சென்ற மாதம் அவருடைய மகள் அழைத்தார். தந்தையின் கட்டுரைகளை நூலாக்கப் போகிறார்கள். "அங்கிள், நீங்கள்தான் பார்த்துச் செப்பனிட்டுத் தரவேணும்" என்றார். எவ்வளவு வெட்டலாம் என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்தார். "அப்பா உங்களை நம்பினவர்" என்றார்.

மஞ்சள் பூத்த பத்திரிகை நறுக்கு மேசையில் கிடக்கிறது. பதினோராம் பந்தியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.